இரவல் வசதியும் இடக்கைச் சுண்டுவிரலும்

சென்ற மாதம் என் விசைப்பலகையைச் சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போக நேர்ந்தது. ஸ்பேஸ் விசை அழுத்தினால் உள்ளேயே தங்கிவிடும். விரலால் தட்டி எழுப்பினால்தான் மேலே வரும். பழுது பார்த்தவர் விசையை நெம்பி எடுத்து, அடியில் சேர்ந்திருந்த தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு, பலகை முழுவதையும் விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். "கேம் ஆடுவீங்களா சார்? கண்ட்ரோலும் ஸ்பேஸும் விண்டோஸ் கீயும் மட்டும் இப்படி வழுவழுன்னு தேஞ்சிருக்கே" என்றார். மெய்ப்புப் பார்ப்பவன் என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. 350 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த மூன்று விசைகளும் ஏன் தேய்ந்தன என்று அங்கே நின்று விளக்கத் தொடங்கியிருந்தால் கடையைப் பூட்டும் நேரம் வந்திருக்கும்.

அதே வாரத்தில் ஒரு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். அவர் சிறு பதிப்பகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பவர். 2016இல் வாங்கிய மடிக்கணினியை இன்னும் வைத்திருக்கிறார். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சில்லு என்பதால் அவருடைய கணினி விண்டோஸ் 11க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. "விண்டோஸ், மேக், லினக்ஸ்னு மூணையும் வெச்சிருக்கீங்களே, எதை வாங்கலாம்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டார். இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். சொல்ல நினைத்தது ஒரு வார்த்தைக்குள் அடங்கவில்லை.

மூன்றையும் வைத்திருப்பது பெருமைக்காக அல்ல. பதிப்பகம் ஒன்று கொடுத்த விண்டோஸ் 11 மேசைக்கணினி ஒன்று. நான் வாங்கிய எம்1 மேக் மினி ஒன்று. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 13ஐயும் அதற்குத் திரைமுகமாகக் கேடிஇ பிளாஸ்மாவையும் நிறுவி மறுவாழ்வு கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்று. முதல் இரண்டுக்கும் திரையும் விசைப்பலகையும் பொது. மேசையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். வாரத்தில் இரண்டு நாள் இராயப்பேட்டையில் உள்ள ஒரு வடிவமைப்பாளரின் அறைக்குப் போய் அங்குள்ள மேக்கில் இறுதி மெய்ப்புப் பார்ப்பேன். வேகம், மின்கலம், திரை ஆகியவற்றைப் பற்றி எனக்குக் குறையொன்றும் இல்லை. ஐந்தாண்டுக்கு முந்தைய மேக் மினி இன்றும் தயங்குவதில்லை. விண்டோஸ் 11 நன்றாகவே ஓடுகிறது. டெபியனை மடிக்கணினி மூடியோடு உறங்க வைத்து எழுப்பினால் அதுவும் எழுந்துகொள்கிறது. என் பிரச்சினை முழுவதும் தேய்ந்துபோன அந்த மூன்று விசைகளுக்குள் அடங்கியது.

தமிழில் வேலை செய்பவன் ஒரு நாளில் எத்தனை முறை ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறுகிறான் என்பதை வேறு மொழிக்காரருக்குப் புரியவைப்பது கடினம். கோப்புக்குப் பெயரிட ஆங்கிலம், உள்ளே எழுதத் தமிழ், ஆசிரியருக்கு மின்னஞ்சல் முகவரி ஆங்கிலம், மடல் தமிழ், நடுவில் ஓர் ஆண்டோ அளவோ வந்தால் மறுபடி தயக்கம். விண்டோஸில் இந்த மாற்றத்துக்கு விண்டோஸ் விசையோடு ஸ்பேஸை அழுத்த வேண்டும். மேக்கில் கண்ட்ரோலோடு ஸ்பேஸை அழுத்த வேண்டும். டெபியனில் நான் பயன்படுத்தும் எஃப்சிட்டிக்ஸ் உள்ளீட்டு நிரலுக்கும் இயல்பான விசை கண்ட்ரோலும் ஸ்பேஸும்தான். வேலை ஒன்றே, அதற்கான விரல் வேறு. சாதாரண விசைப்பலகையை மேக்கில் செருகினால் விண்டோஸ் விசையே கமாண்ட் விசையாகிவிடும் என்பதையும், கமாண்டும் ஸ்பேஸும் சேர்ந்தால் ஸ்பாட்லைட் என்னும் தேடுபெட்டி திறக்கும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே விண்டோஸில் காலை முழுவதும் உழைத்த விரல் மதியம் மேக்கில் மொழியை மாற்றப் போனால், மொழி மாறாது. திரை நடுவே தேடுபெட்டி திறக்கும். கண் பக்கத்தில் இருக்கும், விரல் ஓடிக்கொண்டிருக்கும். தமிழ்99 என்னும் விசைப்பலகை முறையில் 'தமிழ்' என்று அடித்தது அந்தப் பெட்டிக்குள் ஆங்கிலத்தில் எல், கே, எஸ், சாய்கோடு, எஃப் என்று போய் விழுந்திருக்கும். இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய இழப்பு. எதிர்த்திசையில் நடப்பதுதான் ஆபத்தானது. மேக்கில் பழகிய விரல் விண்டோஸுக்கு வந்து வேர்டு கோப்பில் கண்ட்ரோலையும் ஸ்பேஸையும் அழுத்தினால், தேர்ந்தெடுத்திருக்கும் சொல்லுக்குக் கையால் கொடுத்த வடிவமைப்பு முழுவதும் கழன்றுவிடும். வேர்டில் அந்த இணைப்புக்கு விதிக்கப்பட்ட வேலை அதுதான். நிரலின் மேல் தவறு சொல்ல வழியில்லை. எக்செலில் அதே இணைப்பு ஒரு நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுக்கும்.

கடந்த ஆண்டு ஜனவரி புத்தகக் காட்சிக்காக ஒரு மூலிகைக் குறிப்பு நூலுக்கு மெய்ப்புப் பார்த்தேன். மூலிகைப் பெயர்கள் எல்லாம் தடித்த எழுத்தில் வர வேண்டும் என்பது ஏற்பாடு. 'கரிசலாங்கன்னி' என்று தவறாக இருந்ததைக் 'கரிசலாங்கண்ணி' என்று திருத்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்த விசைப்பலகையைத் தமிழாக்க விரல் பழக்கத்தில் கண்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்தியது. மொழி மாறவில்லை என்று கண்டதும் சரியான இணைப்பை அழுத்திச் சொல்லை அடித்து முடித்தேன். எழுத்துப் பிழை போயிற்று, தடிமனும் போயிற்று. இப்படி எத்தனை இடங்களில் செய்தேன் என்று தெரியாது. அச்சாகி வந்த பிரதியைப் புரட்டிய ஆசிரியர், "சில மூலிகைகளை மட்டும் ஏன் மெலிய விட்டுட்டீங்க?" என்று கேட்டார். பிழை திருத்தியவன் செய்த பிழை என்பதால் எனக்குப் பதில் வரவில்லை.

இதிலிருந்துதான் என் புகார் தொடங்குகிறது. இயங்குதளங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வசதிகளை இரவல் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இன்னும் அதிகமாக வாங்கட்டும் என்றே சொல்வேன். பாத்திரத்தை இரவல் வாங்குகிறவர்கள் மூடியை விட்டுவிட்டு வருவதுதான் ஆத்திரமூட்டுகிறது. வசதி வருகிறது, அதற்குப் பழகிய விசை வருவதில்லை.

சாளரத்தைத் திரையின் பாதியில் ஒட்டவைக்கும் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7இல், 2009இல், விண்டோஸ் விசையும் அம்புக்குறியும் சேர்ந்தால் அது நடந்தது. இடப்பக்கம் மூலப்பிரதி, வலப்பக்கம் திருத்தப்பிரதி என்று வைத்துப் பார்க்கும் எங்களுக்கு அது கைவிளக்குப் போன்றது. மேக் அதைத் தன் இயங்குதளத்துக்குள்ளேயே கொண்டுவந்தது 2024இல், செக்கோயா பதிப்பில். பதினைந்து ஆண்டுத் தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஒதுக்கிய இணைப்பு, பூகோளம் வரைந்த எஃப்என் விசையும் கண்ட்ரோலும் அம்புக்குறியும். மேக் மினி விசைப்பலகை இல்லாமல் விற்கப்படும் கணினி. அதோடு செருகப்படும் சாதாரண விசைப்பலகையில் பூகோள விசை இருப்பதில்லை. அமைப்புகளுக்குள் போய் வேறொரு விசையைப் பூகோளமாக்கலாம்தான். ஆனால் எந்த விசையைத் தியாகம் செய்வது?

நகலெடுத்தவற்றின் வரலாற்றைக் காட்டும் வசதியும் அப்படியே. லினக்சில் கேடிஇயின் கிளிப்பர் நெடுங்காலமாகச் செய்துவந்ததை விண்டோஸ் 10, 2018 அக்டோபர் மேம்பாட்டில், விண்டோஸ் விசை-வி என்று கொண்டுவந்தது. மேக்கில் அது 2025இல் தஹோ பதிப்போடு வந்தது. ஸ்பாட்லைட்டைத் திறந்து, கமாண்டோடு 4ஐ அழுத்த வேண்டும். விண்டோஸ் பழக்கத்தில் மேக்கில் விண்டோஸ் விசை-வியை அழுத்தினால் அது கமாண்ட்-வி ஆகிவிடும். பட்டியல் வராது, கடைசியாக நகலெடுத்தது எதுவோ அது பத்தியின் நடுவே கொட்டிவிடும். ஒரு முறை அப்படிக் கொட்டியது மின்கட்டண ரசீது எண். அதைக் கவிதை ஒன்றின் மூன்றாம் அடியிலிருந்து பொறுக்கி எடுத்தேன்.

இன்னொரு செய்தி. மேக்கில் 2005க்கு முன்பு, கமாண்டும் ஸ்பேஸும் சேர்ந்ததுதான் மொழி மாற்றும் இணைப்பு. டைகர் பதிப்பில் ஸ்பாட்லைட் பிறந்தபோது அந்த இணைப்பை அது எடுத்துக்கொண்டது. பின்னர் 2012இல் விண்டோஸ் 8, விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் மொழிக்கு ஒதுக்கியது. அதாவது மேக் காலி செய்த வீட்டில் விண்டோஸ் குடியேறியது. அந்த வீட்டை மேக் காலி செய்யாமல் இருந்திருந்தால் என் விசைப்பலகையில் மொழி மாற்றும் விரல் இன்று இரு கணினிகளுக்கும் ஒன்றாகவே இருந்திருக்கும். ஆங்கிலம் மட்டும் அடிப்பவர்களுக்கு ஒருபோதும் தேவைப்படாத இணைப்பு என்பதால், அதைப் பிடுங்கியபோது அவர்கள் நாட்டில் யாருக்கும் வலித்திருக்காது.

மூடியோடு பாத்திரம் வாங்கிய நல்ல உதாரணமும் வரலாற்றில் இருக்கிறது. வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் என்னும் மூன்றையும் 1970களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கினார்கள். ஆப்பிளின் கணினிகளில் அவற்றுக்கு எக்ஸ், சி, வி என்று கீழ்வரிசையில் அடுத்தடுத்த விசைகள் கிடைத்தன. விண்டோஸ் தொடக்கத்தில் ஷிஃப்ட்-டெலிட், கண்ட்ரோல்-இன்செர்ட், ஷிஃப்ட்-இன்செர்ட் என்று வேறு வழியில் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு அதே எக்ஸ், சி, விக்கு வந்து சேர்ந்தது. கமாண்ட் இருந்த இடத்தில் கண்ட்ரோலை வைத்துக்கொண்டது. பழைய ஷிஃப்ட்-இன்செர்ட் இன்றும் விண்டோஸில் ஒட்டுகிறது. நம்பாதவர்கள் அழுத்திப் பார்க்கலாம். இரவல் வாங்கியவர் வெட்கப்படாமல் எழுத்துகளையும் சேர்த்து வாங்கியதால்தான் உலகம் முழுவதும் ஒரே மூன்று எழுத்துகளால் நகலெடுக்கிறது.

வெட்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். இந்த நிறுவனங்கள் ஒன்றையொன்று திருடர் என்று ஏசிக்கொண்ட வரலாறு நீண்டது. ஆப்பிள் 1988இல் மைக்ரோசாஃப்ட் மேல் தோற்ற ஒற்றுமைக்காக வழக்குத் தொடுத்து, 1994இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. இடையில் ஜெராக்ஸ் ஆப்பிள் மேல் வழக்குப் போட்டு, அதுவும் நிற்கவில்லை. 2004இல் டைகரை அறிமுகப்படுத்திய மாநாட்டு அரங்கில், மைக்ரோசாஃப்டின் தலைமையகம் இருக்கும் ஊரை விளித்து, 'ரெட்மண்ட், நகல் இயந்திரங்களை ஓட்டத் தொடங்கு' என்ற பொருளில் ஆப்பிள் பதாகை கட்டியது. அதே டைகரில் வந்த, குட்டி நிரல்களைத் திரையில் பரப்பிக் காட்டும் டாஷ்போர்டு, அதற்கு முந்தைய ஆண்டே வெளிவந்திருந்த கான்ஃபாபுலேட்டர் என்னும் சிறு நிரலை அப்படியே நினைவூட்டியது. இப்போது 2025இல் மேக் கண்ணாடித் தோற்றத்துக்கு மாறியபோது, பார்த்தவர்கள் பலரும் விண்டோஸ் விஸ்டாவின் ஏரோவை நினைத்துக்கொண்டார்கள். விண்டோஸ் 11 தன் பணிப்பட்டைச் சின்னங்களை நடுவில் வைத்தபோது மேக்கின் டாக்கை நினைத்துக்கொண்டது போல. கண்ணுக்குத் தெரிவதைத் தயக்கமின்றி எடுக்கிறார்கள். விரலுக்குத் தெரிவதை எடுத்தால் திருட்டு வெளிப்பட்டுவிடும் என்று கருதுகிறார்களோ என்னவோ, அங்கே மட்டும் தனித்தன்மை காட்டுகிறார்கள்.

இந்த வெட்கம் சிறிதும் இல்லாதது கேடிஇ பிளாஸ்மா. பழைய மடிக்கணினியில் அதைப் போட்ட முதல் நாள் மாலை, நினைக்காமலே விண்டோஸ் விசை-வியை அழுத்தினேன். நகல் வரலாறு வந்து நின்றது. விண்டோஸ் விசை-இ அழுத்தினேன், கோப்பு மேலாளர். அம்புக்குறியோடு அழுத்தினேன்; சாளரம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. விண்டோஸ் விசை-எல், திரை பூட்டிக்கொண்டது. நகல் வரலாற்றில் முன்னோடியாக இருந்தும், பின்னால் வந்தவர் வைத்த விசையை அது கௌரவம் பார்க்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மொழி மாற்றத்துக்கோ, எஃப்சிட்டிக்ஸில் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகளைக் கொடுக்கலாம். கண்ட்ரோல்-ஸ்பேஸையும் விண்டோஸ் விசை-ஸ்பேஸையும் இரண்டையும் கொடுத்து வைத்தேன். எந்த விரல் எந்த ஊரிலிருந்து வந்தாலும் அங்கே கதவு திறந்திருக்கிறது. கணினி ஒன்றைப் பார்த்து நான் நெகிழ்ந்தேன் என்று சொன்னால் நகைப்பீர்கள். ஆனால் அன்று மாலை வேலை முடிந்த பிறகும் பத்து நிமிடம் சும்மா விசைகளை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே லினக்சில்தான் மூடியில்லாத இரவலின் மிகப் பெரிய உதாரணமும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இயங்குதளங்கள் நம் ஊரிலிருந்து வாங்கியது ஒன்று உண்டு: 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகை. அதன் உயிர்நாடி எழுத்துகளின் இட அமைப்பில் மட்டும் இல்லை, விதிகளிலும் இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குத் தானாகப் புள்ளி விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்னும் இணைகளிலும் அப்படியே. புள்ளி வேண்டாத 'மமதை' போன்ற சொல்லில் நடுவே அகரத்தைத் தட்டிவிட்டால் போதும். லினக்சின் அடிப்படை விசைப்பலகைப் பட்டியலில் 'தமிழ்நெட் 99' என்று ஒன்று இருக்கும். ஆசையோடு அதைத் தேர்ந்தெடுத்து 'பட்டம்' என்று வழக்கம்போல் அடித்தால் 'படடம்' என்று வரும். விசைக்கு எழுத்து என்ற கணக்கு மட்டுமே அறிந்த அமைப்பு அது. முன்னே என்ன அடித்தோம் என்ற நினைவு அதற்கு இல்லை. எழுத்துகளை வாங்கியிருக்கிறார்கள், விதியை வாங்கவில்லை. எம்17என் என்னும் மென்பொருள் நூலகத்தின் வழியாக வரும் தமிழ்99தான் முழுமையானது என்று கண்டறிய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. புதியவர் 'படடம்' என்பதைப் பார்த்ததும் லினக்சில் தமிழ் சரியில்லை என்று முடிவுகட்டி எழுந்து போய்விடுவார். மேக்கில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வழியாக வந்த தமிழ்99 பல ஆண்டுகளாகவே உள்ளமைந்து கிடைக்கிறது. விண்டோஸில் அது 2019இல்தான் உள்ளே வந்தது. அதுவரை எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், அழகி என்று ஆளுக்கொன்றை நிறுவிக் காலம் தள்ளினோம்.

அமைப்புகளில் மாற்றிக்கொண்டால் தீர்ந்தது, இதற்கு ஏன் இவ்வளவு புலம்பல் என்று விவரமறிந்தவர்கள் கேட்பார்கள். மாற்றிப் பார்த்தேன். மேக்கில் கமாண்ட்-ஸ்பேஸை மொழிக்குக் கொடுத்து, ஸ்பாட்லைட்டை ஆப்ஷன்-ஸ்பேஸுக்கு நகர்த்தினேன். வீட்டில் மூன்று வாரம் நிம்மதியாக இருந்தது. நான்காவது வாரம் இராயப்பேட்டைக்குப் போனேன். அங்குள்ள மேக்கை நான்கு பேர் பயன்படுத்துகிறார்கள். அமைப்புகள் இயல்பாக இருந்தால்தான் நால்வருக்கும் ஒத்துப்போகும். வீட்டில் நன்றாகப் பயிற்சி பெற்ற என் விரல் அங்கே பத்து நிமிடத்தில் ஏழு முறை தேடுபெட்டியைத் திறந்தது. வடிவமைப்பாளர் பக்கத்தில் நின்று, "என்ன சார் தேடிட்டே இருக்கீங்க?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பழையபடி மாற்றிவிட்டேன். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியக்கூடாது என்பது விரல் பழக்கத்துக்கும் பொருந்தும். சொந்தக் கணினியில் செய்த சீர்திருத்தம் அடுத்தவர் கணினியில் கைகொடுக்காது. இயல்பாக வைக்கப்பட்டிருப்பது எதுவோ அதுதான் கடைசியில் எல்லாரையும் ஆள்கிறது.

உண்மையில் யாராவது இரவல் வாங்கியே தீர வேண்டிய வசதி ஒன்று மேக்கில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. உள்ளீட்டு அமைப்புகளில், கேப்ஸ் லாக் விசையை ஆங்கிலத்துக்கும் மற்ற மொழிக்கும் இடையே மாறப் பயன்படுத்தும் தெரிவு ஒன்று உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. ஆகவே சுண்டுவிரலுக்கு மிக அருகில், இவ்வளவு அகலமாக, எங்களுக்கு முற்றிலும் வீணாகக் கிடக்கும் ஒரே விசை அதுதான். ஒரு தட்டு, தமிழ். இன்னொரு தட்டு, ஆங்கிலம். லினக்சில் கேப்ஸ் லாக்கால் விசைப்பலகையை மாற்றும் தெரிவு வெகுநாளாக இருக்கிறது. விண்டோஸில் அதற்கு அமைப்புகளில் இடமில்லை. வெளியிலிருந்து ஒரு நிரலைக் கொண்டுவந்து நிறுவ வேண்டும், பதிப்பகம் கொடுத்த கணினியில் எனக்கு அந்த உரிமை கிடையாது. பணிப்பட்டையை நடுவுக்கு நகர்த்தத் தோன்றியவர்களுக்கு இது தோன்றியிருக்கலாம்.

இவ்வளவையும் எழுதிப் பார்த்தால் கேடிஇக்குப் பாராட்டும், மேக்குக்குப் பாதிப் பாராட்டும், விண்டோஸுக்கு ஏச்சும் என்று கணக்கு வருகிறது. நண்பருக்கு நான் சொன்ன பதில்: விண்டோஸ் 11 கணினியையே வாங்குங்கள். அவர் பக்கம் அமைப்பது இன்டிசைனில். அது லினக்சில் இல்லை. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் அவரிடம் இருபது ஆண்டுக்கு இருக்கின்றன. அவர் விரலுக்கு விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் மட்டுமே தெரியும், வேறெதுவும் தெரியாமல் இருப்பதே அவருடைய சொத்து. இதெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் அவர் அழைத்த அன்று காலையில்தான் மேக்கின் தேடுபெட்டிக்குள் ஒரு முழு வாக்கியத்தை ஆங்கிலக் குப்பையாக அடித்து முடித்திருந்தேன் என்பதும், வேறொரு நாளில் கேட்டிருந்தால் மேக் மினியைச் சொல்லியிருப்பேன் என்பதும் உண்மை.

"அப்ப இந்தப் பழைய லேப்டாப்பை எடைக்குப் போட்டுடவா?" என்று கேட்டார். வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், டெபியன் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எம்17என் வழித் தமிழ்99ஐ நிறுவி, 'பட்டம்' என்று இரண்டு முறை அடித்துச் சரிபார்த்துவிட்டு, விண்டோஸ் விசை-ஸ்பேஸை மட்டும் வைத்துக் கொடுக்கப்போகிறேன். கண்ட்ரோல்-ஸ்பேஸ் என்று ஒன்று இருப்பதை அவரிடம் சொல்வதாக இல்லை.